வீட்டில் பைபோலார்: அப்பா அம்மாவுக்கு ஓர் எளிய விளக்கம்

“அவனா? காலையில சிரிப்பான், சாயங்காலம் உர்ருன்னு இருப்பான். பைபோலார்டா அவன்.”

போன மாதம் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோது காதில் விழுந்த பேச்சு. பேசியவர்கள் காலேஜ் பையன்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் இதைவிட மோசமான வார்த்தையை வைத்திருந்தோம்: “கீழ்ப்பாக்கம் கேஸ்”. மனநல ஆஸ்பத்திரி இருப்பது கீழ்ப்பாக்கத்தில். வட சென்னையில் வளர்ந்த யாருக்கும் அந்த வசவு தெரியும். பையன்கள் பேச்சில் இந்த நோய் ஒன்றுமே இல்லாததாகிவிடுகிறது. எங்கள் பேச்சில் இதோடு ஒரு மனிதனின் கதையே முடிந்துவிடுகிறது. இரண்டும் தப்பு. இந்த இரண்டு தப்பையும் மாறி மாறி நம்பியதில் என் குடும்பம் மூன்று வருடத்தை வீணாக்கியது.

என் மூத்த மகனுக்கு இப்போது 29 வயது. நோய் முதலில் தலைகாட்டியபோது 21. நான் டாக்டர் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். டாக்டர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்ததையும், வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய விதத்தில் எழுதுகிறேன்.

அலை வேறு, புயல் வேறு

காசிமேட்டுக் கடற்கரையில் போய் நின்றால் அலை ஏறுகிறது, இறங்குகிறது. அதைப் பார்த்து யாரும் வலையைச் சுருட்டுவதில்லை. நம் எல்லோர் மனமும் அப்படித்தான். காலையில் சண்டை, மதியம் சமாதானம், மேட்ச் ஜெயித்தால் குஷி, சம்பளம் தாமதமானால் எரிச்சல். இது மனத்தின் இயல்பு. இதற்கு மருந்தும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

புயல் அப்படி இல்லை. அது உருவாகும், நெருங்கும், நாட்கணக்கில் நிற்கும், எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிட்டுக் கடந்து போகும். போன பிறகு அதே கடல் அமைதியாக இருக்கும். பைபோலார் என்பது இப்படிப் புயல் வந்து போகிற நோய். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்கிறார்கள். ஒரு முனையில் மனம் அளவுக்கு மீறி ஏறும். மறுமுனையில் அளவுக்கு மீறி இறங்கும். நடுவில் மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காக, மனிதர் சாதாரணமாக இருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது நாட்கணக்கு. ஏற்றம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அதற்கு மேனியா என்று பெயர். அதே அறிகுறிகள் கொஞ்சம் மிதமாக, நாலு நாளாவது நீடித்து, வேலையையும் உறவையும் முழுக்கக் கெடுக்காமல் இருந்தால் ஹைப்போமேனியா. இறக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு. மேனியா வந்து போனவர்களுக்கு முதல் வகை என்றும், மனச்சோர்வோடு ஹைப்போமேனியா மட்டும் வந்தவர்களுக்கு இரண்டாம் வகை என்றும் டாக்டர்கள் எழுதுவார்கள். ஃபைலில் அந்த எண்ணைப் பார்த்து, இரண்டாவது என்றால் முற்றிய நோய் என்று பயந்துவிடாதீர்கள். அது வகையின் எண், முற்றலின் அளவு இல்லை. நானே ஒரு வாரம் அப்படித் தப்பாக நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

காலையில் சிரித்து மாலையில் முகம் சுளிப்பவர் பைபோலார் ஆகமாட்டார். அந்தக் கொருக்குப்பேட்டைப் பையனுக்குச் சொல்ல நினைத்ததும் இதைத்தான். ரயில் வந்துவிட்டது.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்த நோய் வந்தவர்கள் 200 பேரில் ஒருவர். ஆயிரம் பேரோடு விம்கோ நகருக்குப் போகிற ஒரு மெட்ரோ ரயிலில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேர் வீட்டிலும் அப்பா அம்மா இருக்கிறார்கள். பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஏறும்போது

பெற்றோர் ஏமாறுகிற இடம் இதுதான். ஏற்றத்தின் தொடக்கம் பார்க்க அழகாக இருக்கும். ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை எழுந்து குளிக்கிறான், சிரிக்கிறான், அம்மாவைக் கட்டிக்கொள்கிறான், தெருவில் எல்லோரிடமும் பேசுகிறான். எங்களுக்கு அது வடிவுடையம்மன் கண் திறந்த மாதிரி இருந்தது. திருவொற்றியூர் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

பத்தாவது நாள் விடியற்காலை 3 மணிக்கு அவன் பைக்கைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். “தூங்கலையாடா?” என்றால் “தூக்கமே தேவைப்படலப்பா, சூப்பரா இருக்கேன்” என்றான். பொய் இல்லை, உண்மையிலேயே களைப்பு இல்லை. அதற்குள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் கடன் சொல்லி மூட்டை மூட்டையாக டிஷர்ட் எடுத்திருந்தான், ஆன்லைனில் விற்று ஆறு மாதத்தில் கடை திறக்கப் போவதாக. பேச்சு ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. குறுக்கே பேசினால் கோபம். அந்தக் கோபத்தில் அவன் தட்டை விசிறிய அன்று, பக்கத்து வீட்டு அம்மா வந்து “யாராவது செஞ்சு வச்சிருப்பாங்க, மந்திரிச்சிடுங்க” என்றார்.

மேனியாவின் முகம் இது. தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறையும், ஆனால் சோர்வு இருக்காது. பேச்சும் யோசனையும் வேகமெடுக்கும். தன்னால் முடியாதது இல்லை என்று தோன்றும். பணம் தண்ணீராக ஓடும். சிலருக்குக் காமத்தில் கட்டுப்பாடு தளரும். பிறகு நினைத்து நினைத்துக் கூசுவார்கள். சிலருக்குக் குஷியே இருக்காது, எரிச்சல் மட்டும்தான். மிகவும் முற்றினால் இல்லாத குரல் கேட்கும், தான் கடவுளின் தூதன் என்ற மாதிரி நம்பிக்கைகள் வரும்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் இருப்பவருக்குத் தனக்கு நோய் என்று தெரியாது. தனக்கு உடம்பு சரியில்லை என்று உணரும் திறனை நோயறிவு என்பார்கள். மேனியாவில் முதலில் போவது அதுதான். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுவது நமக்கே தெரிகிறது. இங்கே சுடுவதை உணர வேண்டிய உறுப்பே சூடாகிக் கிடக்கிறது. அதனால் “உனக்கு நோய், ஒத்துக்கோ” என்று வாதாடி ஜெயித்த பெற்றோரை நான் பார்த்ததில்லை. “மூணு நாளா தூங்கல, டாக்டர்கிட்ட தூக்கத்துக்கு மட்டும் கேட்டுட்டு வரலாம், நானும் வரேன்” என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு தடவை வேலை செய்தது. ஏமாற்றவில்லை, தூங்காதது உண்மைதானே.

இறங்கும்போது

இந்த நோயோடு வாழும் பலருக்கு, ஏற்றத்தைவிட இறக்கத்தில் கழிகிற நாட்கள்தான் அதிகம். ஏற்றம் சத்தம் போடுவதால் ஊருக்குத் தெரிகிறது. இறக்கம் கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

படுக்கையிலிருந்து எழ முடியாது. பல் தேய்ப்பது மலையேறுகிற மாதிரி. பிடித்த பாட்டு, பிடித்த வஞ்சிரம் வறுவல், வியாசர்பாடி மைதானத்தில் நண்பர்கள் ஆடும் ஃபுட்பால், எதுவும் உள்ளே போகாது. அதோடு, ஏற்றத்தில் செய்ததெல்லாம் இப்போது நினைவுக்கு வந்து குத்தும். கடன், உடைந்த நட்பு, அவமானம். இதை நாம் சோம்பேறித்தனம் என்கிறோம். “எருமை மாதிரி படுத்திருக்கான், என் வயசுல நான் மூட்டை தூக்கினேன்” என்று நானும் சொன்னேன். அதை அவன் கேட்டான். பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

பயப்பட வேண்டிய நேரமும் இதுதான். இந்த நோயில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மனம் இருண்டு கிடக்க, உடம்பு மட்டும் பரபரவென்று இருக்கும் கலவை நிலை ஒன்று உண்டு. அதில் ஆபத்து இன்னும் கூடுதல். கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நானும் என் மனைவியும் பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். டாக்டர் அதைத் திருத்தினார். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே இருந்தால் இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. “செத்துடலாம்னு தோணுதாடா?” இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல என் மனைவிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னாள். “ஆமாம்மா” என்றான். அன்று இரவு மூவரும் ஒரே அறையில் படுத்தோம், மாத்திரைப் பெட்டியைப் பூட்டினோம், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்படி ஒரு பதில் வந்தால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

இதுவரை சொன்னது: நாட்கணக்கில் நிற்கும் ஏற்றம், வாரக்கணக்கில் நிற்கும் இறக்கம், நடுவே சாதாரண நாட்கள். ஏற்றத்தில் தனக்கு நோய் என்று தெரியாது. இறக்கத்தில் சோம்பேறி என்ற பெயர் கிடைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேனும் நல்லது, கரண்டும் இருக்கிறது, ரெகுலேட்டர் மட்டும் பிடிமானம் இல்லாமல் சுழல்கிறது. ஐந்தில் வைத்தால் ஐந்தையும் தாண்டி ஓடுகிறது. ஒன்றில் வைத்தால் நின்றே போகிறது. பைபோலாரில் அறிவுக்கும் குணத்துக்கும் குறை இல்லை. மனத்தின் வேகத்தை அளவோடு நிறுத்தி வைக்கிற மூளையின் ஏற்பாடு தளர்ந்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் இரண்டு பாகங்களை மட்டும் தெரிந்துகொண்டால் வீட்டுக்குப் போதும். முதலாவது டோபமைன். மூளை நரம்புகள் தங்களுக்குள் செய்தி சொல்ல உதவும் ஒரு வேதிப்பொருள் அது. ஒன்றை அடைய வேண்டும் என்ற உந்துதலையும், அடைந்த மகிழ்ச்சியையும் தூண்டும். அதைக் கூட்டுகிற போதைப் பொருட்கள் சிலருக்கு மேனியாவைக் கிளப்புகின்றன. அதைத் தடுக்கிற மருந்துகள் மேனியாவை இறக்குகின்றன. இரண்டாவது உடல் கடிகாரம். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்று ஒவ்வொரு நாளும் உடம்புக்கு நேரம் சொல்கிற மூளைப் பகுதி. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கடிகாரம் எளிதில் தடம் புரளும். ஓர் இரவுத் தூக்கம் கெட்டால் நமக்கு மறுநாள் தலைவலி. இவர்களுக்கு அது ஏற்றத்தின் முதல் படி ஆகலாம்.

எங்கள் வட்டாரத்தில் நைட் ஷிஃப்ட் இல்லாத வீடு குறைவு. துறைமுகம், மணலி, எண்ணூர், மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்காலை ஏலம். என் மகன் ஒரு சரக்குப் பெட்டக யார்டில் வேலைக்குச் சேர்ந்து, வாரம் ஒரு ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்த ஏழாவது வாரம் மறுபடி நோய் ஏறியது. வேலை நோயை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த ரெகுலேட்டரைப் பிடித்து ஆட்டியது. இப்போது பகல் வேலை மட்டும். சம்பளம் குறைவுதான்.

ரெகுலேட்டர் ஏன் தளர்ந்தது? பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை இல்லை, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து செய்கிற வேலை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. அதன் மேல் தூக்கக் கேடு, போதை, பெரிய இழப்பு, பிரசவம் போன்றவை தூண்டலாம். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது சகஜம். செல்லம் கொடுத்ததால் வந்தது, அடித்து வளர்த்ததால் வந்தது, காத்து கருப்பு, பொண்ணு ஏமாத்திட்டா என்பதெல்லாம் காரணம் தேடித் தவிக்கும் மனம் பிடித்துக்கொள்கிற கொம்புகள். தர்காவுக்கோ மாதா கோவிலுக்கோ அம்மன் கோவிலுக்கோ போவது உங்கள் ஆறுதல், போங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் மாதிரி

இந்த நோய்க்கான அடிப்படை மருந்துக்கு மூட் ஸ்டெபிலைசர் என்றே பெயர். எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கி ஃப்ரிட்ஜ் போன வீடுகளுக்கு விளக்கவே வேண்டாம். கரண்ட் ஏறினால் இறக்கித் தரும். இறங்கினால் தாங்கிப் பிடிக்கும். ஒரு மாதமாக வோல்டேஜ் சரியாகத்தானே வருகிறது என்று யாராவது ஸ்டெபிலைசரைக் கழற்றிப் பரணில் போடுவார்களா? ஆனால் “பையன் நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்திரை, கிட்னி போயிடும்” என்று சொல்லி நாங்கள் கழற்றிப் போட்டோம். ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது. நன்றாக இருக்கிற நாட்களில் சாப்பிடுவதற்குத்தான் இந்த மாத்திரை.

ஸ்டெபிலைசர்களில் மூத்தது லித்தியம். 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேனியாவில் அது வேலை செய்வதை எழுதினார். இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. வால்புரோயேட் இன்னொன்று. குவெட்டியாபின், ஓலன்சபின் போன்றவை டோபமைனை அடக்கி மேனியாவை இறக்க உதவுபவை. எது யாருக்கு என்பது டாக்டர் வேலை. பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது வேறு.

லித்தியம் ஒருவகை உப்பு. நம் சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தையும் இதையும் சிறுநீரகம் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். அப்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டும் நாள், வாந்தி பேதி, தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு, பிரஷருக்கு என்று திடீரென உப்பை நிறுத்துவது, எல்லாமே அந்த வாசலைத் திறக்கும். முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அப்படியே. எந்தக் கடையில் மாத்திரை வாங்கினாலும் “லித்தியம் சாப்பிடுகிறார்” என்று முதலில் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் லித்தியம் அளவு பெரும்பாலும் 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போனால் கணக்கு தப்பாக வரும். தைராய்டு, கிட்னி பரிசோதனையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் செய்யத்தான் வேண்டும். அந்தக் கிட்னி பயத்துக்கு மருந்தை நிறுத்துவது பதில் இல்லை, இந்தப் பரிசோதனைதான் பதில். கை அதிகமாக நடுங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி பேதி என்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. காத்திருக்கக் கூடாது.

மகளாக இருந்தால் இன்னொன்று. வால்புரோயேட் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியது. கல்யாணம், குழந்தை பற்றிய பேச்சு தொடங்கும்போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றித் திட்டமிட வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக எல்லாவற்றையும் நிறுத்துவது இன்னொரு ஆபத்து.

முதல் வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் இருந்தவனை ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து எழுதினார்கள். மூன்றாவது வாரம் ராக்கெட் மாதிரி ஏறிவிட்டான். பைபோலாரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் இப்படி மறுமுனைக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்னால் அவன் பத்து நாள் தூங்காமல் குதித்ததை அந்த டாக்டரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. அது நோய் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, நல்ல காலம் என்று நினைத்தோம். நீங்கள் போகும்போது சோர்ந்த நாட்களோடு துள்ளிய நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: நன்றாக இருக்கும்போதும் மாத்திரை. லித்தியம் என்றால் தண்ணீர், உப்பு, வலி மாத்திரை மூன்றிலும் கவனம். டாக்டரிடம் முழுக் கதையும்.

பேச்சின் சூடு

பெற்றோர் கையில் நேரடியாக இருக்கும் பகுதி இது. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மனநோயிலிருந்து தேறி வீட்டுக்குத் திரும்பியவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரம் திரும்ப வருகிறது என்று இங்கிலாந்தில் ஆராயத் தொடங்கினார்கள். வீட்டுப் பேச்சின் சூட்டுக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு தெரிந்தது. முதலில் வேறொரு மனநோயில் கண்டார்கள். பிறகு பைபோலாரிலும் கண்டார்கள். இந்தச் சூட்டுக்கு வெளிப்படும் உணர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, இந்த இரண்டும் நமக்கே தப்பு என்று தெரிந்தவை. மூன்றாவதுதான் நம் வீடுகளில் அன்பு என்ற பெயரில் நடக்கிறது: அளவு மீறிய கவலை. 29 வயது ஆளுக்குச் சோறு பிசைந்து தருவது, பாத்ரூம் போனால் வாசலில் நிற்பது, அவன் எதிரிலேயே அழுவது, “உனக்காகத்தான் நான் உசுரோட இருக்கேன்” என்பது.

என் மனைவி இதைக் கேட்டதும் அழுதாள். பெத்தவ கவலைப்படாமல் எப்படி இருப்பாள் என்றாள். நியாயம்தான். கவலையை விடச் சொல்லவில்லை, அதை அவன் தோளில் ஏற்றாதீர்கள் என்று சொன்னார்கள். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் 6 மணிக்கு அவளுடைய அக்காவோடு கடற்கரைப் பக்கம் நடக்கப் போவாள். அழ வேண்டியதை அங்கே அழுதுவிட்டு வருவாள்.

பெரிய பங்களாவில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டினால் இரவு 11 வரை தூக்கம் கிடையாது. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: டிவியை 9:30-க்கு நிறுத்துவது, இரவு டீ இல்லை, விளக்கு 10-க்கு, அவன் படுக்கை வாசலிலிருந்து தள்ளி உள்சுவர் ஓரம். திருவிழா நாட்களில் அவன் புதுப்பட்டினம் பக்கம் இருக்கும் என் தம்பி வீட்டில் தூங்கிக்கொள்வான். விழாக் கமிட்டிப் பையன்களிடம் நேராகப் போய்ச் சொன்னபோது, ஸ்பீக்கரை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். நோயின் பெயரைச் சொல்லவில்லை, “தூக்கம் கெட்டா பையனுக்கு உடம்பு படுத்திடும்” என்றேன். அது போதுமானதாக இருந்தது.

மாத்திரை விஷயத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை கேட்பது என்று அவனோடு பேசி வைத்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும். முன்பு நான் கேட்பேன், பிறகு என் மனைவி கேட்பாள், ஃபோனில் அவன் தங்கை கேட்பாள். அவன் கோபப்பட்டால் “ஏறுது போல” என்று நானும் என் மனைவியும் கண்ணைப் பார்த்துக்கொள்வோம். அவனுக்குச் சாதாரணமாகக் கோபப்படும் உரிமையைக்கூட நாங்கள் பிடுங்கிவிட்டிருந்தோம். நோய் உள்ளவரின் எல்லாக் கோபமும் நோய் இல்லை. சில கோபம் நியாயமானது.

கூண்டு எண்

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது என்று அறிவிப்பு. யாரும் அலறுவதில்லை, கவனிக்கத் தொடங்குவார்கள். எண் ஏற ஏற வேலை மாறும். எட்டு, ஒன்பது, பத்து வந்தால் பெரும் அபாயம்.

இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். அவன் நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து, போன தடவைகளில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று எழுதினோம். ஒவ்வொருவருக்கும் ஏற்றத்தின் வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பும் என்பதால் இது பயன்படுகிறது. அவனுக்கு ஒன்றாம் எண்: இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூக்கம். மூன்றாம் எண்: பழைய நண்பர்களுக்கு நடுராத்திரி ஃபோன், புதுத் தொழில் பேச்சு. ஐந்தாம் எண்: கடன். எட்டு: மாத்திரை வேண்டாம் என்பது. ஒன்றுக்கு என்ன செய்வது, எட்டுக்கு என்ன செய்வது என்று எதிரிலேயே எழுதினோம். ஒன்றுக்கு, ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் படுப்பது. மூன்றுக்கு, அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் டாக்டரைப் பார்ப்பது. ஐந்தில் பைக் சாவியும் ஏடிஎம் கார்டும் அம்மாவிடம், ஃபோனில் பணம் அனுப்பும் வரம்பைக் குறைப்பது. எட்டில் ஆஸ்பத்திரி. இறக்கத்துக்கும் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் வரி, இரண்டு நாள் குளிக்காமல் இருப்பது.

எழுதியது அவன் கை. அதனால் பிறகு “ஒன்றாம் எண் ஏறியிருக்குடா” என்றால் சண்டை வருவதில்லை. அவன் போட்ட சட்டத்தை அவனுக்கே நினைவுபடுத்துகிறோம். போன வருடம் இரண்டு தடவை மூன்றாம் எண் வரை போனது. எட்டு வரை போகவில்லை.

கால்கட்டு

“ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்.” சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோயோடு நல்லபடியாகக் குடும்பம் நடத்துபவர்கள் நிறைய இருக்கிறார்கள்; ஆனால் மறைத்து முடிப்பது அந்தப் பெண்ணுக்கும் உங்கள் பிள்ளைக்கும் செய்கிற துரோகம். மாத்திரையை மாமியார் வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாமல் நிறுத்துவார்கள், அங்கிருந்து எல்லாம் சரியும்.

ஆஸ்பத்திரி, சட்டம், எங்களுக்குப் பிறகு

வட சென்னைக்காரர்களுக்கு அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வசவாக ஊர் சொல்லும் அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. அங்கேயும் புறநோயாளிகளாகப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வரலாம், மாத்திரை இலவசம். அந்த வாசலில் முதல் தடவை நின்றபோது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தை மூடினேன். உள்ளே வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோருக்குத் தேவையான சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பயத்தில் பிள்ளையை அறையில் பூட்டும் எண்ணம் வந்தபோதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது சட்டம். அதனால் போலீஸ் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, வயது வந்த பிள்ளை என்பதால் அப்பா என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் நாம் முடிவு செய்துவிட முடியாது. நன்றாக இருக்கும் காலத்தில் அவரே இரண்டு காரியம் செய்து வைக்கலாம். எனக்கு முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைப்பது முன்கூட்டிய அறிவுறுத்தல். அப்போது எனக்காகப் பேச வேண்டியவர் இவர் என்று ஒருவரைக் குறிப்பது நியமனப் பிரதிநிதி. நோய் முற்றி, தானே சம்மதம் சொல்ல முடியாத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க விண்ணப்பம் கொடுப்பவர் அந்தப் பிரதிநிதிதான்.

என் மகன் யாரைக் குறிப்பான் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அவன் தங்கையின் பெயரை எழுதினான். ஒரு கணம் வலித்தது. “நீயும் அம்மாவும் எத்தனை நாளைக்குப்பா?” என்று கேட்டான். எனக்கு 64 வயது. அந்தக் கேள்வியை நானே பல இரவுகள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்; அவனும் அதே ஹாலில் அதே கேள்வியோடு படுத்திருந்திருக்கிறான்.

தங்கை எர்ணாவூரில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். மாதம் ஒரு தடவை எனக்குப் பதில் அவள்தான் இப்போது ஓ.பி.க்கு வருகிறாள், டாக்டர் அவளையும் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டு, அந்தக் கூண்டு எண் தாள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அவள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம்.